பாரிஸ் பிரேமைத் தேடிப் பாரிஸுக்குப் போன கதை

உலகத்தின் பெரிய ஓவியக்கூடங்களில் ஒன்றைப் பற்றி நான் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன். நன்றாக இருந்ததாகப் பலர் சொன்னார்கள். எழுதும்போது நான் அதற்குள் போயிருக்கவில்லை என்பதைத் தவிர, அந்தக் கட்டுரையில் வேறு குறை கிடையாது.

பாரிஸில் இருக்கிறது அது. அதன் பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்வதுபோலச் சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை. முயன்றபோதெல்லாம் வாய் கொப்பளிக்கிற சத்தம்தான் வந்தது. ஆகவே மியூசியம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அக்கா மகன் கல்யாணத்துக்காக அங்கே போயிருந்தேன். ஊர் சுற்ற ஒரே ஒரு நாள் கிடைத்தது. மியூசியத்துக்குப் போனால் மூடியிருந்தது. மத்தியானம் நடை சாத்துவது என்றால் திருவண்ணாமலைக்காரனுக்குப் புரியும். காலை பத்து மணிக்கே சாத்தியிருப்பது புரியாது. சாயங்காலம் நாலு மணிக்குத் திறந்துதானே ஆகவேண்டும் என்று எதிரே ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்து, முழங்கை நீள ரொட்டி ஒன்றைத் தின்றுகொண்டே காத்திருந்தேன். நாலரை மணிக்கு அங்கே பெருக்கிக்கொண்டிருந்த ஒருவர் என்மேல் இரக்கப்பட்டு, செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை விரல்களாலும் புருவத்தாலும் விளக்கினார். மறுநாள் காலை எனக்கு விமானம்.

ஊருக்கு வந்து பார்த்தால், உள்ளூர் மாத இதழின் ஆசிரியர் என் பெயரைப் போட்டு, அடுத்த இதழில் பாரிஸ் கலைப்பயணம் என்று அறிவிப்பே வெளியிட்டுவிட்டார். நூலகத்தில் தடிமனான இரண்டு புத்தகங்கள் கிடைத்தன. படங்களைப் பற்றி எழுதுவதில் சிரமமே இல்லை. சிரமம் கௌஸ் பாயால் வந்தது.

கௌஸ் பாய் தேரடி வீதியில் பிரேம் கடை வைத்திருக்கிறார். இந்த ஊரின் சாமி படங்கள், கல்யாணப் படங்கள், காலமானவர் படங்கள் எல்லாவற்றிலும் பாதிக்கு மேல் அவரோ அவருடைய அத்தாவோ கண்ணாடி போட்டவை. நான் எழுதுவதை வரி விடாமல் படிக்கிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் பிழை திருத்துபவர், அது அவர் வேலை. இன்னொருவர் கௌஸ் பாய். ஓர் ஓவியக்கூடத்தைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதி, அதில் பிரேமைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பது? ஆனால் புத்தகத்தில் படம் அச்சடிக்கிறவர்கள் பிரேமை வெட்டி எறிந்துவிட்டுத்தான் அச்சடிக்கிறார்கள். வேறு வழியில்லாமல் நானே ஒரு பிரேம் செய்தேன். ஒரு சாண் அகலம், மங்கிய தங்க நிறம், நான்கு மூலையிலும் திராட்சைக் கொத்து, இடது கீழ்மூலையில் மட்டும் ஒரு குருவி, பழத்தைக் கொத்தலாமா வேண்டாமா என்று யோசித்தபடி. குருவியை உட்கார வைத்ததும் அதை நேரில் பார்த்த ஞாபகமே எனக்கு வந்துவிட்டது.

கட்டுரை வந்த மூன்றாம் வாரம் கௌஸ் பாய் அந்தப் பிரேமைச் செய்துவிட்டார். மரச் சட்டத்தின் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வார்த்து, தங்க வண்ணம் பூசியிருந்தார். பாரிஸுக்கும் அதற்கும் இருந்த ஒரே உறவு அந்த பிளாஸ்டர்தான். 'பாரிஸ் பிரேம்' என்று பெயர் வைத்தார். என் கட்டுரையையும் அதே பிரேமில் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டினார். யாராவது சந்தேகமாகப் பார்த்தால், "சார் நேர்ல பாத்துட்டு வந்து எழுதுனது" என்று அதைக் காட்டுவார்.

அப்புறம் எனக்கு இந்த ஊரில் போக்கிடம் இல்லாமல் போயிற்று. துக்கம் கேட்கப் போன வீட்டில் இறந்தவருக்கு நாலு பக்கமும் திராட்சை. முடிவெட்டப் போனால் கண்ணாடிக்கு மேல் முருகனின் காலடியில் குருவி. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில், லாட்ஜ் வரவேற்பறையில், என் மாமனார் வீட்டுக் கூடத்தில், எங்கே திரும்பினாலும் என் பொய் சிவப்பு பல்பு வெளிச்சத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எழுத்தாளனின் சொல் மக்களிடம் போய்ச் சேர வேண்டும் என்பார்கள். இவ்வளவு தூரம் சேர வேண்டியதில்லை.

போன வருஷம் போளூர் ரோட்டில் புதிதாக ஒரு பிரேம் கடை வந்தது. அந்தக் கடைக்காரர், பாரிஸில் அப்படி ஒரு பிரேமே கிடையாது, இது பாய் விட்ட குருவி என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்ல ஆரம்பித்தார். கௌஸ் பாய் கோபக்காரர் இல்லை. ஆனால் இது அவரைக் குடைந்தது. ஒரு சனிக்கிழமை என்னை உட்காரவைத்துச் சொன்னார்:

"எங்கடைல தேக்குனு சொன்னா தேக்கா இருக்கும். கண்ணாடினு சொன்னா கண்ணாடியா இருக்கும். பாரிஸுனு சொன்னா பாரிஸா இருக்கணும்ல சார்? நஸ்ரீன் அங்கதான இருக்குது. கொழந்தைய பாக்க போறேன். நீங்களும் வாங்க. அந்தப் பிரேம காட்டுங்க. பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துனு வந்துட்டா யாரும் வாய தொறக்க மாட்டான்."

நஸ்ரீன் அவர் மகள். பாரிஸை ஒட்டிய ஒரு புறநகரில் கணவனோடு இருக்கிறாள். நான் என் முதுகுவலியைச் சொன்னேன். வங்கியில் லீவு கிடைக்காது என்றேன். முதுகுவலிக்கு நடப்பது நல்லது என்றார் பாய். எங்கள் மேனேஜர் அவரிடம் ஏழு படத்துக்கு பிரேம் போட்டவர். லீவு அன்று மாலையே கிடைத்துவிட்டது.

அதிலிருந்து தினமும் கடையில் திட்டக் கூட்டம். கண்ணாடி அறுக்கிற மேஜையில் ஒரு அட்டையைப் போட்டு, குறி போடும் பென்சிலால் பாய் எழுதிக்கொண்டே கேட்பார். எந்தக் கோபுரம் வழியாக உள்ளே விடுகிறார்கள்? பொது வரிசையா, ஸ்பெஷல் வரிசையா? செருப்பு எங்கே விடுவது? சாப்பிட்டுவிட்டுப் போகலாமா? பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் ஜனம் வந்து போகிற ஊர் எங்களுடையது. கூட்டத்தில் எப்படி நுழைந்து எப்படி வெளியே வருவது என்பதில் எங்கள் ஊரில் எல்லோரும் நிபுணர்கள். உள்ளே எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று பாய் கேட்டார். வலமாகத்தான் என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

எனக்கும் ஒரு திட்டம் இருந்தது. செவ்வாய்க்கிழமை போவோம், அன்றைக்குக் கூட்டமே இருக்காது என்றேன். இந்த விஷயத்தில் அதுவரை நான் சொன்ன ஒரே உண்மை அது. மூடிய கதவைப் பார்த்துவிட்டு, அடடா என்று இருவரும் உச்சுக்கொட்டிவிட்டு, மறுநாள் வேறு வேலைகளை வைத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடலாம்.

கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது, பாரிஸ்காரர் ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பாய் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு எதிர்வரிசையில் பத்து வருஷமாக வாடகைக்கு இருக்கும் ஒடில் அம்மாளைப் பார்க்கத்தான். பிறந்தது பாரிஸ், பேசுவது எங்கள் ஊர்த் தமிழ். பாயின் வாடிக்கையாளர். எல்லா பிரேமும் வாங்கியிருக்கிறார், பாரிஸ் பிரேம் மட்டும் வாங்கியதில்லை. ஒரு காபிக் கடையில் அவர் பொங்கலுக்கு இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்கு அவர் ஊர் பன் ஒன்றைத் தருவித்தார். பிறை வடிவத்தில் இருந்தது. தொட்டதும் சட்டையெல்லாம் உதிர்ந்தது.

மியூசியத்துக்குள் எத்தனை முறை போயிருப்பார் என்று பாய் கேட்டார். ஒருமுறையும் இல்லையாம். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போவதாக இருந்த அன்று மழை, பஸ் வரவில்லை, அதோடு சரி. நான் ஆச்சரியப்பட்டது போலக் காட்டிக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்து, "நீங்க மலை உச்சிக்கு போயிருக்கீங்களா சார்?" என்று கேட்டார். ஐம்பத்து நாலு வருஷமாக இந்த மலையடிவாரத்தில் இருக்கிறேன். பாதி மலைகூட ஏறியதில்லை. அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

பாய் அட்டையை எடுத்துத் திட்டத்தை விளக்கினார். செவ்வாய்க்கிழமை என்ற இடம் வந்ததும் ஒடில் அம்மாள் ஸ்பூனை நிறுத்தினார்.

"செவ்வாக்கெழமயா? அன்னிக்கி லீவாச்சே பாய். எப்பவுமே லீவுதான். அங்க சின்ன புள்ளைக்கு கூட தெரியும்."

என் கட்டுரையின் முதல் வரி பாய்க்கு மனப்பாடம். பதினோரு வருஷமாக அவர் முதுகுக்குப் பின்னால் தொங்குகிறது. "ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை, கல்தரையில் இளவெயில் படுத்திருந்த வேளையில், நான் உள்ளே நுழைந்தேன்." அந்த வரியில் கிழமை ஒன்றுதான் நிஜம். அதுதான் காட்டிக்கொடுத்தது. பாய் டீ டம்ளரைக் கீழே வைத்தார். ஒடில் அம்மாளுக்கு நன்றி சொன்னார். ஸ்கூட்டரை எடுக்காமல் தள்ளிக்கொண்டே நடந்தார். நானும் பக்கத்தில் நடந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும், "உள்ள போனீங்களா சார்?" என்றார்.

"இல்ல பாய்."

இரண்டு ஆட்டோக்கள் சவாரிக்குக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போயின.

"திராட்ச?"

"நானா எழுதனது."

"குருவி?"

"அதுவும்தான்."

இளநீர் வண்டி ஒன்று நின்றிருந்தது. அங்கே நின்று ஒரே ஒரு இளநீர் வாங்கிக் குடித்தார். இத்தனை வருஷப் பழக்கத்தில் எனக்கும் ஒன்று வெட்டச் சொல்லாமல் அவர் குடித்தது அதுதான் முதல் தடவை. பிறகு ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார். நான் பஸ்ஸுக்கு நின்றேன்.

மூன்று நாள் பேச்சில்லை. விமலாவிடம் சொன்னேன். என் மனைவி எதற்கும் பதறாதவள். "பொய் சொன்னதுகூடப் பரவால்ல. அதை எங்கப்பா போட்டோவுக்கும் மாட்டிவிட்டீங்களே" என்றாள். நாலாம் நாள் பாயிடமிருந்து போன் வந்தது. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. பயணத்தை நிறுத்தப் போவதில்லை என்றார்.

"அவ்ளோ பெரிய எடத்துல ஒரு குருவி இல்லாமயா பூடும்? தேடுவோம். இருந்துச்சுனா நீங்க எழுதனது உண்மனு வெச்சிக்கலாம். இல்லனா நீங்கதான் சார் வந்து கடைல நிக்கணும். வர்ற ஆளுங்க கிட்ட எல்லாம், அப்டி ஒண்ணு பாரிஸ்ல இல்ல, நான் சும்மா எழுதுனேன்னு உங்க வாயால சொல்லணும்."

ஒத்துக்கொண்டேன். ஏதோ ஒரு மூலையில் ஏதோ ஒரு பிரெஞ்சுத் தச்சன் ஒரு குருவியைச் செதுக்கியிருக்க வேண்டுமே என்று அதற்குப் பிறகு நான் வேண்டாத தெய்வமில்லை.

ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினோம். நஸ்ரீன் பிரியாணி செய்து வைத்திருந்தாள். நான் சைவம் என்பதால் எனக்கு மட்டும் தனியாகக் காய்கறி போட்டது. பாய் பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் ஒரு பாட்டியைப் போலக் கொஞ்சினார். பிறகு பெட்டியைத் திறந்து, லுங்கிக்குள் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்தார். பாரிஸ் பிரேமின் இடது கீழ்மூலை, மாதிரிக்கு வைத்திருக்கும் துண்டு, குருவியோடு. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்தும் அது திராட்சையைத் தொட்டிருக்கவில்லை.

திங்கட்கிழமை ஊர் பார்க்கக் கிளம்பினோம். பாதாள ரயிலில் பாய் ஏறினார், நான் ஏறுவதற்குள் கதவு மூடிக்கொண்டது. எங்கள் ஊர் பஸ்ஸாக இருந்தால் கண்டக்டர் விசில் ஊதியிருப்பார், நாலு பேர் கையைப் பிடித்து இழுத்திருப்பார்கள். அடுத்த ஸ்டேஷனில் அவர் இறங்கி என்னைத் தேடித் திரும்பி வர, நான் அவரைத் தேடி அடுத்த ரயிலில் போக, எதிரெதிர் ரயில்களில் கண்ணாடி வழியாக மூன்று முறை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முதல் முறை கையசைத்தார். இரண்டாம் முறை அங்கேயே இரு என்று சைகை காட்டினார். நானும் அதே சைகையைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறை அவர் உட்கார்ந்து பக்கத்துப் பயணி கொடுத்த ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். மேலே வந்து காபி குடித்தோம். உத்தரணியில் தீர்த்தம் கொடுப்பதுபோல ஒரு துளி. கண்ணில் ஒற்றிக்கொண்டு குடிக்கத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை வீட்டிலேயே இருக்கலாம் என்றேன். பாய் கேட்கவில்லை. நான் அன்றைக்கு உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். போனோம். மியூசியம் மூடியிருந்தது. பெஞ்சைக் காட்டினேன். அவர் அதில் உட்கார்ந்து பார்த்து, கதவையும் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் எழுதாத ஒன்றை ஒரு வாசகர் நேரில் வந்து சரிபார்த்தது அன்றுதான். வந்தது வந்தோம், சும்மா எப்படித் திரும்புவது என்று கட்டடத்தை வெளியே ஒரு சுற்று சுற்றினோம். வலமாகத்தான். அரண்மனையாக இருந்த கட்டடமாம், முடிகிற வழியாக இல்லை. எங்களைப் பார்த்து ஒரு ஜப்பானியத் தம்பதியும் பின்னாலேயே வந்து முழுச்சுற்றும் சுற்றினார்கள். ஏன் என்று அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

புதன்கிழமை நஸ்ரீன் குழந்தையைக் கணவனிடம் விட்டுவிட்டு எங்களோடு வந்தாள். நுழைவாயிலில் பைகளை எக்ஸ்ரே பெட்டிக்குள் விட்டார்கள். பாயின் பை நின்றது. திரையில் எல் வடிவத்தில் ஒரு பிரேம், அதன்மேல் ஒரு பறவை. மூன்று பேர் கூடிவிட்டார்கள். ஓவியக்கூடத்திலிருந்து பிரேமைத் திருடிக்கொண்டு வெளியே போகிறவர்களைப் பிடிக்கத்தான் அவர்களுக்குப் பயிற்சி. பிரேமை உள்ளே கொண்டுவருகிறவரை என்ன செய்வது என்று யாருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. நஸ்ரீன் பேசிப் பேசிக் கடைசியில், பொருள் பாதுகாக்கும் இடத்தில் அதை வைத்துவிட்டுப் போகலாம் என்று முடிவானது. குருவிக்கு ஒரு டோக்கன் கொடுத்தார்கள்.

உள்ளே நாங்கள் நடந்த தூரம் கிரிவலத்துக்குக் குறையாது. வழியில் சுக்கு காபி கிடையாது என்பதுதான் வித்தியாசம். பாய் எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. அவர் கண் படத்தின் ஓரத்திலேயே ஊர்ந்தது. மூலை வெட்டு சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார், சுவரில் கன்னத்தை வைத்துப் பின்பக்கம் என்ன அட்டை என்று எட்டிப் பார்ப்பார், காற்றில் சாண் போட்டு அகலம் அளப்பார். நான் அவருக்கு முன்னால் ஓடி ஓடிக் குருவி தேடினேன். சிங்கம் இருந்தது. ஆட்டுத்தலை இருந்தது. இலையும் பூவும் சிப்பியும் கொழுத்த குழந்தைகளும் இருந்தன. ஒரு பிரேமில் திராட்சையைப் பார்த்ததும் பாயைக் கூப்பிட்டுவிட்டேன். கிட்டே போனால் ஏதோ ஒரு கொட்டை.

உலகமே பார்க்க வருகிற அந்தப் புன்னகைக்கிற அம்மாளின் அறைக்குள்ளும் போனோம். பௌர்ணமிக் கூட்டம். எல்லோரும் கையில் போனை உயர்த்திக்கொண்டு ஓர் அடி ஓர் அடியாக நகர்ந்தார்கள். பாய் அந்தக் கூட்டத்தில் தோளைக் கொடுத்துச் சுலபமாக முன்னால் போனார். கண்ணாடியை மட்டும் பார்த்துவிட்டு, "எதுவுமே எதிரொளிக்கல சார், நல்ல கிளாஸு" என்று சொல்லிவிட்டு, அம்மாளுக்கு முதுகைக் காட்டி எதிர்ச்சுவரில் இருந்த பெரிய பிரேமை ஆராயத் தொடங்கினார். அங்கே இருந்த சில நூறு பேரில் அந்தப் பக்கம் திரும்பி நின்றவர்கள் அவரும் நானும்தான்.

நாலாவது மணியில், நீளமான ஒரு கூடத்தில், காவலுக்கு இருந்த ஓர் அம்மாள் எங்களை நிறுத்தினார். அறுபதை நெருங்கும் வயது, கறுப்பு உடை. நாலு அறைகளாக எங்களைப் பின்தொடர்ந்து வந்திருக்கிறார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டதாக நஸ்ரீன் சொன்னாள். பாய் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். அதில் முழு பாரிஸ் பிரேமும் தெரிந்தது. உள்ளே கீழ்பென்னாத்தூர் மளிகைக் கடைக்காரர், காலமான ஆறுமுகம். நெற்றியில் விபூதி, முகத்தில் கடன் கேட்க வந்தவனைப் பார்க்கும் பார்வை.

அந்த அம்மாள் போனைக் கையில் வாங்கிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டார். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். இது எந்தக் கூடத்தில் இருக்கிறது என்று கேட்டார்.

"வூட்டு ஹால்ல, டிவிக்கு மேலம்மா" என்றார் பாய்.

நஸ்ரீன் அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னாள். இவர் யார் என்று கேட்டார். மளிகைக் கடை வைத்திருந்தவர் என்று பதில் போயிற்று. அவர் மறுபடியும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ நீளமாகச் சொன்னார். நஸ்ரீன் என்னைப் பார்க்காமல் அவள் அத்தாவைப் பார்த்துச் சொன்னாள்: "இவங்க இருபது வருஷத்துக்கு மேல எல்லா ரூம்லயும் வேல பாத்திருக்காங்களாம். இந்த மாதிரி ஒரு பிரேம் இங்க எங்கயும் இல்லையாம்."

"நல்லா கேளும்மா. எங்கியுமே இல்லையா?"

"எங்கயும் இல்லையாம் அத்தா."

பாய் அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். கடையில் நின்று சொல்ல வேண்டியதை மனசுக்குள் எழுதிப் பார்த்தேன். எங்கே ஆரம்பித்தாலும் முதல் வரி செவ்வாய்க்கிழமை என்றே வந்தது. போளூர் ரோட்டுக்காரர் அதைக் கேட்டு என்ன செய்வார், மாமனார் வீட்டில் அந்தப் படத்தைக் கழற்றுவார்களா என்றெல்லாம் ஓடியது. மன்னித்துவிடுங்கள் பாய் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அவர் முந்திக்கொண்டார். "அப்ப இத மொத மொதல்ல செஞ்சது யாரு சார்?"

"நீங்கதான் பாய்."

"நீங்க மனசுல நெனச்சீங்க. நான் கையால செஞ்சேன். இவங்க கிட்ட கூட இல்ல." கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "காப்பியே இல்ல சார் இது. பதினோரு வருஷமா நான் காப்பினு சொல்லி வித்துனு இருந்திருக்கேன்."

எழுந்து போய் அந்த அம்மாளிடம் கைகூப்பி நன்றி சொன்னார். அதன் பிறகு அவர் பிரேம்களைப் பார்த்த விதமே வேறு. சக தொழிலாளிகளின் வேலையைப் பார்க்கிற மாதிரி, இதைக் கொஞ்சம் கம்மி பண்ணியிருக்கலாம், அதில் தங்கம் ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டே வந்தார். வெளியே வந்து டோக்கனைக் கொடுத்து மூலைத்துண்டை வாங்கிக்கொண்டபோது, அங்கே வேலை செய்த பெண்ணிடம் அதை ஒருமுறை தூக்கிக் காட்டினார்.

ஊருக்கு வந்த மறுவாரம் கடை முகப்பில் புதுப் பலகை ஏறியது: 'பாரிஸிலேயே கிடைக்காத பாரிஸ் பிரேம்.' கல்லாவுக்குப் பின்னாலிருந்து என் கட்டுரை இறங்கிவிட்டது. ஆனால் எனக்குப் போட்ட தண்டனையை பாய் ரத்து செய்யவில்லை. பலகையில் எழுதியிருப்பதற்கும் சாட்சி வேண்டுமாம். சனிக்கிழமை சாயங்காலம் தோறும் கடையில் உட்கார்ந்து, நான் பழையதையும் ஒத்துக்கொண்டு, மியூசியம் முழுக்கத் தேடினோம், அப்படி ஒன்று அங்கே இல்லவே இல்லை என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒருவரும் நம்புவதில்லை.

போன சனிக்கிழமை கீழ்பென்னாத்தூரிலிருந்து ஏழுமலை வந்தார். ஆறுமுகத்தின் மகன், இப்போது மளிகைக் கடை அவரிடம். நான் என் வாக்குமூலத்தை முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவ்ளோ பெரிய எடம்ன்றீங்க. ஏதோ ஒரு ரூம வுட்டிருப்பீங்க சார்" என்றார். நான் முதலில் எழுதியதுதான் சரியாம். இடையில் யாரோ என்னைக் குழப்பிவிட்டார்களாம்.

எழுந்து போக இருந்தவர், கதவருகே நின்று திரும்பினார்.

"எங்கப்பா போட்டோவ அந்த அம்மா பாத்தாங்கனு பாய் சொன்னாரு. நெஜமா சார்?"

"நெஜந்தான். யாருனு கேட்டாங்க. கண்ணாடிய மாத்திப் போட்டுனு பாத்தாங்க."

"எவ்ளோ நேரம் பாத்தாங்க?"

பத்து நிமிஷம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பாய் கண்ணாடி அறுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் இருக்கும்ங்க" என்றேன்.

ஏழுமலை அதை யோசித்துப் பார்த்தார்.

"ஜாஸ்திதான் சார்" என்றார். "பௌர்ணமில நம்ம சாமியவே ரெண்டு செகண்டுக்கு மேல பாக்க வுட மாட்டேன்றாங்க."